மாமியின் வளவு



இன்றைக்கு வாசித்த நற்செய்தி மூன்றே மூன்று வசனம். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தை விட்டு வெளியே வந்த இயேசு சீமோன் வீட்டுக்குப் போகிறார். சீமோனின் மாமி காய்ச்சலாய்க் கிடக்கிறார். இயேசு கிட்டப் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். காய்ச்சல் விட்டதும் அந்தத் தாய் எழும்பி, வந்தவர்களைக் கவனிக்கத் தொடங்குகிறார். மாற்கு அவருடைய பெயரை எழுதவில்லை. மருமகனுக்கு வத்திக்கானில் பேராலயம் நிற்கிறது; மாமி இன்றும் சீமோனின் மாமிதான்.

இந்த வீட்டுத் தாய் இறந்த 31ஆம் நாள் பூசைக்கு இந்த வாசகத்தை எடுத்ததற்குக் காரணம் அந்த வீடு. யோவான் நற்செய்தியின்படி சீமோன் பேதுருவின் ஊர் பெத்சாய்தா. அவர் குடியிருந்த வீடோ கப்பர்நாகுமில், மாமியும் அங்கேதான். கலியாணத்தோடு பெண்வீட்டுக்குப் போனவராக இருப்பாரோ என்று நான் நினைப்பதுண்டு. வெருகலில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே மட்டக்களப்பு தாண்டியும் ஆண்பிள்ளை மாமியின் வளவுக்குத்தான் போகிறான். மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் தன் வீட்டையே மகள் பேரில் எழுதிக் கொடுக்கிறாள். பிறகு அவளுக்கு என்ன மிச்சம்? பின்னால் கிடுகால் வேய்ந்த ஒரு பத்தி.

1968இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கப்பர்நாகுமில் மீண்டும் அகழத் தொடங்கினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய எண்கோண ஆலயத்தின் அடியில், பேதுருவின் வீடென்று போற்றப்படும் பழைய வீடு வெளிப்பட்டது. கருங்கல் அடுக்கிய சுவர், சின்னச் சின்ன அறைகள், நடுவே பொதுவான முற்றம். மாமி குணமான அன்று பொழுது பட்டதும் ஊரே அந்த வாசலில் கூடியது என்கிறார் மாற்கு. நாம் இப்போது கூடியிருப்பதும் அப்படியொரு முற்றத்தில்தான். கோவிலுக்கு வரும் நம்மவர்களும், சித்திரவேலாயுதரைக் கும்பிடும் அயலவர்களும் ஒன்றாக இருக்கிறீர்கள். வைகாசி, ஆனி வெயிலில் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் ஆற்றங்கரைக்கு வந்துசேரும் நாட்களில், நாம் நினைவுகூரும் இந்தத் தாய் படலைக்கு வெளியே தண்ணீர்க் குடம் வைப்பார். அவர் கழுத்தில் செபமாலை இருக்கும். அதைப் பார்த்துத் தயங்கினவர்களைத் தானே கூப்பிட்டுக் குடிக்க வைப்பார்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. அன்று கடல் வந்தது. ஒன்றரை வருடத்தில் போர் வந்தது. 2006 ஆகஸ்டில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் எறிகணை விழ, இந்தக் கரைச் சனம் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் ஓடியது. நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் எறிகணையில் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் வாகரையும் விழுந்தது. மிஞ்சியவர்கள் மட்டக்களப்பு முகாம்களுக்கு நடந்தார்கள். அந்தச் சனத்தோடு இந்தத் தாயும் நடந்தார். இடுப்பில் ஒரு பொலித்தீன் பை. அதில் காணி அனுமதிப்பத்திரமும் பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும். மருமகன் சின்னவளைத் தோளில் தூக்கியிருந்தார்.

ரூத்து ஆகமத்து நகோமியும் இப்படி நடந்தவள். பஞ்சத்தில் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போய், அங்கே கணவனையும் இரண்டு மகன்மாரையும் புதைத்துவிட்டு, மருமகள் ரூத்தோடு திரும்பினாள். ஊர்ப் பெண்கள் அவளை அடையாளம் காணத் திண்டாடினார்கள். தன்னைக் கசப்பு என்று கூப்பிடச் சொன்னாள் அவள். பிறகு ரூத்தின் பிள்ளையை மடியில் எடுத்து வளர்த்தாள். தாவீது அந்தப் பிள்ளையின் பேரன். முகாமிலிருந்து திரும்பி, கூரையில்லாத வீட்டுக்குள் பற்றை வெட்டிய பெண்களுக்கு நகோமியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மீண்டு வந்தபின் கடன் நெரித்தது. மகள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். மருமகன் கடலுக்கு, மாமி அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதை யாரும் கண்டதில்லை. நம் வழக்கத்தில் அதுதான் மரியாதை. கடலால் வந்தவருக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிடுவார்: "மனே, அப்பாவச் சாப்பிடச் சொல்லு." அவர் சாப்பிட்டு எழும்பும்வரை தான் சாப்பிடமாட்டார். இத்தனை வருடமும் அந்த வீட்டைத் தாங்கியது அந்த ஒரு வார்த்தைதான் என்று செத்தவீட்டில் மருமகன் என்னிடம் சொன்னார்.

பேதுரு பிறகு ஊர் ஊராகப் போனபோது மனைவியையும் கூட்டிப் போனார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். கப்பர்நாகும் வீட்டு மாமி மருமகனை மட்டுமல்ல, மகளையும் நற்செய்திக்குக் கொடுத்திருக்கிறார். திருச்சபை அவருக்கென்று ஒரு திருநாளாவது வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்தத் தாய் பாரிசவாதத்தில் விழுந்தார். மருமகன் அவரைப் பத்தியில் கிடக்க விடவில்லை. இரண்டு கையாலும் தூக்கி முன்னறைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். கடைசி மூச்சு அந்த அறையில்தான் போனது.

எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. வீட்டை எழுதி வாங்கின கையோடு தாயைப் பின்னால் தள்ளி, மழைத் தண்ணீர் ஒழுகும் பத்தியில் சாக விடுகிற பிள்ளைகளையும் மருமக்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது பாவம். பூசையில் காணிக் கதை எதற்கு என்று நினைப்பவர்கள் ரூத்து ஆகமத்தின் கடைசி அதிகாரத்தை வாசியுங்கள். ஊர்வாசலில் பத்து மூப்பர்களை இருத்தி, ரூத்தை மணக்கவிருந்த போவாசு பேசியது நகோமியின் காணியைப் பற்றித்தான். வீடு வாங்கியவர்களே, எழுதிக் கொடுத்தவள் உயிரோடிருக்கும்வரை முன்னறை அவளுடையது.

எழும்புங்கள், மன்றாடுவோம். முதல் மன்றாட்டு இந்தத் தாயின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மருமகன் சொல்வார். அடுத்தது, பிள்ளைகளை அம்மம்மாமாரிடம் விட்டுவிட்டு வெளிநாட்டில் உழைக்கும் பெண்களுக்காக. மகள் குவைத்திலிருந்து தொலைபேசியில் சொல்வார். மூன்றாவது, இந்த ஊரில் பத்திகளில் படுத்திருக்கும் முதியவர்களுக்காக; அதை நானே சொல்கிறேன். பூசை முடிய அவர்களைப் பார்க்கப் போகிறேன், எந்தச் சமயத்தவரானாலும். வீடு காட்ட யாராவது இரண்டு பேர் கூட வாருங்கள்.