புகை இடம் மாறினால் வினை தீருமா?



சென்ற தசலட்சண நாட்களில் நம் இல்லத்தில் ஒரு வினா எழுந்தது. பெரம்பலூரில் வாழும் நம் மகன் அரியலூரில் பணிபுரிகிறான். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். இரவில் பணி முடியும் வேளையில் பேருந்து கிடைப்பதில்லை. ஆதலால் காரில் செல்கிறான். ஒன்பது ஆண்டுகள் உழைத்த பெட்ரோல் காரை விற்றுவிட்டு, விலை குறைந்த மின்சாரக் கார் ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். அருகிலிருந்த பேத்தி, "அதில் புகையே வராது பாட்டி, அப்படியானால் இம்சையும் இல்லைதானே?" என்றாள். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு அன்று உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடிக் கண்டதே இச்சிற்றுரை.

இவ்வினா இன்று பல இல்லங்களில் எழக்கூடியதே. 2020ஆம் ஆண்டில் டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் வந்தபோது அதன் தொடக்க விலை ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். 2022இல் டியாகோ 8.49 லட்சத்திற்கும், 2023இல் எம்ஜி காமெட் 7.98 லட்சத்திற்கும் வந்தன. செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த பொருள் ஆசிரியர், அலுவலர் இல்லங்களின் வாயிலுக்கும் வந்துவிட்டது. வாயிலுக்கு வந்ததை ஏற்பதா, விலக்குவதா என்பதை அறநூல் கொண்டு ஆராய்வது நம் கடமை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், வினை ஊற்றுக்கு இடமாகும் செயலை 108 வகையாகப் பகுக்கிறது. செய்யத் துணிதல், அதற்குரிய கருவிகளைத் திரட்டுதல், செயலைத் தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், மொழி, மெய் என வாயில்கள் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என முறைகள் மூன்று. வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனக் கசாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. ஜபமாலையின் மணிகள் 108 ஆனமைக்கு இதனையே காரணமாகப் பெரியோர் கூறுவர்.

இப்பகுப்பில் பேத்தியின் வினாவுக்கு விடை இருக்கிறது. பெட்ரோல் காரை ஓட்டுவோர் தாமே நெருப்பை மூட்டுகின்றனர். மின்சாரக் காரை ஓட்டுவோர் நெருப்பைப் பிறரைக் கொண்டு மூட்டுவிக்கின்றனர். அரியலூருக்கு அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழப்பட்டு எரிக்கப்படுகிறது. கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் சுழன்றாலும், நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது. ஜெயங்கொண்டம் பகுதி உழவர்கள் நிலக்கரியின் விலையை நன்கு அறிவர். 1990களில் அங்கும் ஒரு நிலக்கரித் திட்டத்திற்காக விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. திட்டம் நிறைவேறவில்லை, நிலம் தந்தோரின் வழக்கும் வருத்தமும் பல்லாண்டுகள் நீண்டன. ஆகவே, புகை நம் கண்ணுக்கு மறைந்தது என்பதால் வினையும் மறைந்தது எனக் கொள்ளலாகாது.

கண்காணாத் தீங்குக்குப் பொறுப்பேற்பது எவ்வாறு என்பதை அரியலூர் மண்ணே நமக்குக் கற்பித்திருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு இரயில் ஆற்றில் வீழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று நாம் சிறு குழந்தை. பெரியோர் பன்முறை சொல்லக் கேட்டு வளர்ந்தோம். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவர் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். எனினும் பொறுப்பு தம்முடையது என்று கூறிப் பதவி விலகினார். செய்யாததையும் செய்வித்தவர் நிலையில் நின்று ஏற்றுக்கொண்ட பண்பு அது. மின்விசையை அழுத்தும் ஒவ்வொருவருக்கும் அப்பண்பில் ஒரு சிறு பங்கேனும் வேண்டும்.

அங்ஙனமாயின் பெட்ரோலே போதும் என்று அமைந்துவிடலாமா? அதுவும் தவறு. கணக்கிட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் செல்ல 4 லிட்டர் பெட்ரோலை எரிக்கும். ஒரு லிட்டரிலிருந்து ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமில வாயு எழும். ஆக, நாள்தோறும் 9 கிலோவுக்குச் சற்று மேல். அதே தொலைவுக்குச் சிறிய மின்சாரக் காருக்கு 8 அல்லது 9 யூனிட் மின்சாரம் தேவை. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட் ஒன்றுக்குச் சராசரியாக 0.7 கிலோ எனக் கொண்டால், 6 கிலோ எழும். மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, முழுவதும் ஒழியவில்லை. வீட்டுக் கூரையில் சூரியப் பலகை அமைத்தால் இன்னும் குறையும். ஒரு கிலோவாட் பலகை நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது.

மின்கலத்தின் கணக்கையும் மறைத்தல் கூடாது. அதற்குரிய லித்தியம் சிலி, அர்ஜென்டினா நாடுகளின் உப்புப் பாலைகளிலிருந்தும் ஆஸ்திரேலியச் சுரங்கங்களிலிருந்தும் வருகிறது. மின்கலத்தை உருவாக்குவதிலும் பெருமளவு எரிபொருள் செலவாகிறது. அதனால் மின்சாரக் கார், சாலையில் இறங்கும் முன்பே, பெட்ரோல் காரினும் மிகுதியான சுமையைத் தாங்கி வருகிறது. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுகையில் அச்சுமை சில ஆண்டுகளில் ஈடாகும். திங்களுக்கு இருமுறை கோயிலுக்கும் திருமணத்திற்கும் மட்டும் வெளிவரும் கார் அதனை ஈடுசெய்வது எளிதன்று. நன்கு ஓடும் பழைய வண்டியை அத்தகையோர் அவசரப்பட்டு மாற்றுதல், மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கும் ஒவ்வாது.

வாகனம் ஏறாது, முன்னே நான்கு முழம் நிலம் நோக்கி நடப்பவர் நம் முனிவர். இல்லறத்தார் அவ்வளவு இயலாதவர். ஆதலின் நமக்கு வகுக்கப்பட்டது முற்றத் துறத்தல் அன்று, அளவிட்டுக் குறைத்தல். அருங்கலச்செப்பு கூறும் குணவிரதங்களில் செல்லும் திசைக்கு எல்லை வகுத்தல் ஒன்று. பயனில் செயல் தவிர்த்தல் மற்றொன்று. பயனின்றி நிலத்தைக் கிளறல், நெருப்பை மூட்டல், வீணே திரிதல், பிறரைத் திரியச் செய்தல் ஆகிய யாவும் பிந்தியதில் அடங்கும். எந்த வண்டி என்று கேட்குமுன், இப்பயணம் வேண்டுமா என்று கேட்கச் சொல்கிறது நம் அறம்.

இதனை எழுதும் நாமே இதில் தவறியவர்கள். முழங்கால் வலியைக் காரணம் காட்டி, அரைக் கிலோமீட்டரில் உள்ள கடைக்கும் காரில் சென்றுவந்தோம். ஒரு திங்கள் முழுதும் பேத்தி ஒவ்வொரு பயணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். திங்கள் முடிவில் அதைப் படித்தபோது நாணம் கொண்டோம். மூன்றில் ஒரு பயணம் வேண்டாதது. மின்சாரக் காருக்கு ஓட்டச் செலவு பெட்ரோலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. செலவு குறைந்தது என்று ஓட்டம் பெருகுமாயின், குறைந்த வினை மீண்டும் வந்து சேரும். உலோபம் நுழையும் வாயில் அதுவே.

நம் இல்லத்தில் எடுத்த முடிவைக் கூறுகிறோம். முதலில் கூரையில் சூரியப் பலகை. அதன் பின்னரே மின்சாரக் கார். தனித்தனி வண்டிகளில் சென்ற உடன் பணிபுரிவோர் இருவரையும் மகன் தன்னுடன் அழைத்துச் செல்வான். ஒரு கிலோமீட்டருக்குள் நடை. மேல்சித்தாமூர் தரிசனத்திற்கு, பெரம்பலூரில் இரயில் நிலையம் இல்லாமையால், அரியலூர் சென்று திண்டிவனத்திற்கு இரயில் ஏறுவோம். எரிபொருளில் மிஞ்சும் தொகையில் ஒரு பகுதி உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு. விற்கும் பழைய கார் பிறர் கையில் புகைவிடும் என்பதையும் அறிவோம். அதனையும் நம் கணக்கிலிருந்து நீக்கவில்லை. பகலில் நம் கூரை தரும் மின்சாரம் ஊருக்குச் சென்று, இரவில் நம் காருக்கு வருவது பெரும்பாலும் நிலக்கரியின் மின்சாரமே என்பதையும் பேத்தியிடம் கூறினோம்.

ஓட்டும் இளைஞர்க்கு ஒரு சொல். மின்சாரக் கார் ஓசையின்றி வரும். சாலையோரத்தில் மக்காச்சோளம் உலர்த்தும் தாய்க்கும், குறுக்கே செல்லும் நாய்க்கும், ஊர்ந்து செல்லும் உயிர்க்கும் அதன் வருகை தெரியாது. ஆதலின் மெல்லச் செலுத்துக. முனிவர் நிலம் நோக்கி நடக்கும் கருணை உங்கள் கண்ணிலும் காலிலும் இருக்கட்டும்.

நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டியாக வேண்டியவர், பழைய வண்டியின் காலம் முடியும்போது, மின்சாரக் காருக்கு மாறுதல் நன்று. அதனால் தூயவராகிவிட்டோம் என்று எண்ணுதல் மட்டும் ஆகாது. இம்சை குறைந்தது, ஒழியவில்லை. குறைந்ததற்கு மகிழ்ந்து, எஞ்சியதற்கு வருந்தி, மேலும் குறைக்க முயல்வதே இல்லறத்தார்க்கு உரிய செறிப்பு.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!