வேலியும் பொட்டும்

சண்டிலிப்பாயிலுள்ள அந்த வீட்டுக்கு நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது போவேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாப்பா இரும்புக் கடை வைத்திருந்த காலத்தில் அந்த வீட்டுப் பெரியவர் அவருடைய வாடிக்கைக்காரர், பிறகு சிநேகிதர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகும்படி புலிகள் எங்களுக்கு அறிவித்தபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்துவிட்டேன். பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி இருக்கிறார். மானிப்பாய் தாண்டிவரும் காரைநகர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒழுங்கைக்குள் நடந்தால், படலையில் நின்றபடியே "வா மோனை" என்பார்.

சென்ற முறை போனபோது அவருடைய பேத்தி முன் விறாந்தையில் மடிக்கணினியுடன் இருந்தாள். கொழும்பில் பதிவான ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதுகிறாள். வாடிக்கையாளர்கள் இலண்டனில். இரவு சாப்பிட உட்கார்ந்தோம். பிட்டும் சொதியும் குழைத்த கை அப்படியே இருக்க, இடது கையால் மூன்று தடவை கைத்தொலைபேசியை எடுத்துப் பதில் எழுதினாள். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. சொதிச் சட்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

பிறகு அவள் கேட்டாள்: "அன்ரி, பத்து மணிக்கு வாற மெசேச்சுக்குப் பதில் போடாமல் படுத்தால், அது நன்றி கெட்ட வேலையோ?"

உரிமை பற்றி அவள் கேட்கவில்லை. நன்றி பற்றிக் கேட்டாள். அதனால்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கொழும்பில் அறை எடுத்துத் தங்காமல், தாயையும் அம்மம்மாவையும் விட்டுப் போகாமல், சண்டிலிப்பாயிலிருந்தே உழைக்க அந்த நிறுவனம் இடம் கொடுத்திருக்கிறது. 2022இல் ரூபாய் விழுந்து, மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் நாடு தவித்த மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய சம்பளத்தில். அப்படிக் கொடுத்தவனுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு வரி எழுதுவது பெரிய காரியமா?

செய்தி அனுப்புகிறவரும் கொடியவரல்லர். நமது கடிகாரம் இலண்டனைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அவளுடைய இரவு பத்து மணி அவருக்குப் பிற்பகல் நாலரை அல்லது ஐந்தரை. மேசையை ஒழுங்குபடுத்திவிட்டு வீட்டுக்குப் புறப்படுமுன் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டுப் போகிறார். தான் ஒருத்தியின் நித்திரைக்குள் கை நீட்டுவதாக அவருக்குத் தெரியாது. யாரும் தீங்கு நினைக்காமலேயே ஒரு தீங்கு நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு யார் பொறுப்பு என்பது இலேசான கேள்வியல்ல.

"முடியாதென்று சொல்லிவிடு" என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை அப்படிச் சொன்ன அனுபவம் எனக்குண்டு. சில வருடங்களுக்கு முன் என்னுடைய அணியில் இருந்த ஒரு இளம் பெண், கைக்குழந்தையோடு, இரவுக் கூட்டங்களால் தவித்தாள். "உனக்கென்று ஒரு எல்லை வேண்டும், ஏழு மணிக்குப் பிறகு முடியாதென்று எழுதிவிடு" என்று நான் பெரிய மனுஷித்தனமாகப் புத்தி சொன்னேன். எழுதினாள். ஒருவரும் அவளை ஏசவில்லை. வருட முடிவு மதிப்பீட்டில் மட்டும் 'அர்ப்பணிப்புப் போதாது' என்று ஒரு வரி வந்தது. பதவி உயர்வு அவளுக்குப் பின்னால் வந்த ஒரு பையனுக்குப் போயிற்று. அந்த மதிப்பீட்டு மேசையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. எனக்கும் அந்த வருடம் ஒரு உயர்வு வரவேண்டியிருந்தது.

எல்லை போடு என்று பெண்களுக்குச் சொல்லும் புத்திமதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசை நினைவு வருகிறது. அதிகாரம் குறைந்தவளிடமே முழுத் துணிச்சலையும் கேட்கிற புத்திமதி அது. விலையை அவள் கொடுக்க வேண்டும். சொன்னவருக்கோ நல்லது சொன்ன திருப்தி.

'எல்லை' என்ற சொல்லே நம் பெண்களுக்குப் புதிதல்ல. எங்கே போகக்கூடாது, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யாரோடு பேசக்கூடாது என்று அவளைச் சுற்றிப் பிறர் கீறிய கோடுகளையே இதுவரை அந்தச் சொல் குறித்து வந்திருக்கிறது. சோனகத் தெருவிலும் அப்படித்தான், சண்டிலிப்பாயிலும் அப்படித்தான். இதில் நமக்குள் பெரிய மத வேறுபாடு கிடையாது. பிறர் தன்னிடத்தில் எதுவரை வரலாம் என்று அவளே கீறும் கோட்டுக்கு நம்மிடம் பழக்கப்பட்ட ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அது அவளுடைய வாயில் நன்றிகேடாக ஒலிக்கிறது.

நமது சட்டமும் இந்தப் புத்தியிலிருந்து பிறந்ததுதான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம் என்று வேலையை அளந்தது நல்ல காரியம். பெண்களை இரவில் வேலைக்கு வைத்திருப்பதற்கும் அது தடைகள் போட்டது. அந்தச் சட்டம் பயந்தது இரவுத் தெருவுக்கு. பெண் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிட்டால் பத்திரம் என்று நினைத்தது. இன்று பேத்தி இருட்டும்போது வீட்டில்தான் இருக்கிறாள். வேலை அவளைத் தேடி விறாந்தைக்கு வந்துவிட்டது. தாய் நிம்மதியாக இருக்கிறார்: பிள்ளை வெளியே போகவில்லை!

1962இல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி என்ற பெண்மணி, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட பெண் நிரலாளர்களுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர்கள் வீட்டிலிருந்தே நிரல் எழுதினார்கள். முதல் முந்நூறு ஊழியர்களில் ஆண்கள் மூவர்தான். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலிலும் அவர்களுடைய கை உண்டு. பெண் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் வராததால் ஷர்லி 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டார் என்பது பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது வேறொன்று. தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிடுவாராம். அறுபது வருடம் கழித்து இந்தப் பேத்தி, சீரணி அம்மன் கோவில் மணி கேட்டவுடன் ஒலிவாங்கியை அணைக்கிறாள். வீடு இருப்பதே வேலைக்குத் தெரியக்கூடாது. வேலை மட்டும் வீட்டின் எந்த மூலைக்கும் வரலாம்.

யாழ்ப்பாணம் வேலிகளின் நாடு. கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ கட்டி, ஓரங்குல நிலத்துக்காகக் கோடேறிய குடும்பங்கள் எத்தனையோ. அதே வேலியில் 'பொட்டு' என்றொன்று உண்டு. அடுத்த வீட்டுப் பெண்கள் நெருப்புக்கும் கறிக்கும் கதைக்கும் போய்வர விட்டிருக்கும் சின்ன வழி. வாசலில் சங்கடப் படலை என்று கூரை போட்டு, வழிப்போக்கன் களைப்பாற இடமும் வைத்தார்கள். வேலி கட்டியவன் மனிதரை வெறுத்துக் கட்டவில்லை. எந்த வழியால், எந்த நேரத்தில், யார் வரலாம் என்பது உள்ளே இருப்பவரின் கையில் இருந்தது. இப்போது வேலிகள் மதில்களாகி வருகின்றன. மதிலில் பொட்டு கிடையாது.

நமக்கும் இது புதிய பாடமல்ல. பிறர் வீட்டில் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் மனக்குறையின்றித் திரும்பிவிட வேண்டும் என்று ஸூரத்துந் நூரில் ஓதியவர்கள் நாம். அங்கே கடமை கதவைத் தட்டுகிறவர் மீதுதான் முதலில் சுமத்தப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவள் துணிந்து தாழ்ப்பாள் போடவேண்டும் என்று அது தொடங்கவில்லை. 2017 முதல் பிரான்சிலும் 2024 முதல் அவுஸ்திரேலியாவிலும் வேலை நேரத்துக்குப் பிந்திய அழைப்புகள் பற்றிச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.  நமது நாட்டு முதலாளிமாருக்கு பிரான்ஸ் தூரமாகப் படலாம். ஸலாம் சொல்லத் தெரிந்த முதலாளிமாருக்குமா?

நன்றி பற்றி என் முடிவை அவளுக்குச் சொன்னேன். நிறுவனம் அவளுக்குக் கொடுத்தது தானமல்ல. அவள் எழுதும் நிரலுக்கு விலை. கொழும்பில் அவளுக்கொரு மேசையும் கதிரையும் போடும் செலவு அவர்களுக்கும் மிச்சம். நன்றி இருக்கட்டும். நல்ல வேலையால் அதைத் தீர்க்கலாம், நித்திரையால் தீர்க்க வேண்டியதில்லை. ஒருவர் கொடுத்ததற்காக அளவேயில்லாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த உறவுக்கு நன்றி என்று பெயரில்லை.

பிறகு, பழைய குற்றம் உறுத்த, கொஞ்சம் நடைமுறையாகவும் பேசினேன். நியமனக் கடிதத்தை எடுத்து வேலை நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு வருடமாக அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரவுச் செய்திகளை ஒரு மாதத்துக்குக் குறித்துவைத்து, எத்தனை உண்மையில் அவசரம், எத்தனை காலையில் பார்த்தால் போதும் என்று பிரிக்கச் சொன்னேன். கேட்பதானால் தனியே கேட்காதே, அணியிலுள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொள், முறை வைத்து ஆளுக்கொரு இரவு பார்க்கவும் அதற்குக் கொடுப்பனவு தரவும் கேள், ஆண் பிள்ளைகளுக்கும் அந்த நித்திரை வேண்டும் என்றேன். நான் மிகவும் அழுத்திச் சொன்னது வேறு: மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வை, இந்த நிறுவனத்துக்கு வெளியேயும் விலைபோகும் ஒரு திறமையை விடாமல் படி. போக ஓரிடம் இருக்கிறவள் கேட்கும்போது குரல் வேறு மாதிரி இருக்கும்.

"மதிப்பீட்டிலே குறைச்சுப் போட்டால்?" என்று கேட்டாள்.

போடலாம். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மேசையில் என்னைப்போல ஒருத்தி பேசாமல் இருப்பாள், அவளைத் தேடிப் பிடித்து முன்கூட்டியே பேசு என்று சொன்னேன். அந்தப் பழைய பெண்ணின் கதையையும் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் எழுதியதையும், பதில் வராததையும்கூட. "திரும்ப எழுதுங்கோவன் அன்ரி" என்றாள். எழுதமாட்டேன். பதில் சொல்லாமலிருப்பது அவளுடைய இஷ்டம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு தொலைபேசியில் அவள் சொன்ன சேதி இது: அணியில் ஐந்து பேர் சேர்ந்து எழுதினார்கள். வாரத்தில் மூன்று நாள் எட்டு மணிக்குப் பிறகு செய்தி இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு நாளும் பழையபடிதான். கொடுப்பனவு பற்றிப் பேச்சே இல்லை. மதிப்பீடு இன்னும் வரவில்லை. பின்னால் அம்மம்மாவின் குரல் கேட்டது, சாப்பாடு ஆறுகிறதென்று. "பிறகு எடுக்கிறன் அன்ரி" என்று வைத்துவிட்டாள்.