தெரிந்தவனே முதலில் சொல்ல வேண்டும்

தென் கொரியாவின் காங்னுங் நகரில் 2022 டிசம்பரில் ஒரு கார் கட்டுக்கடங்காத வேகத்தில் பாய்ந்து விபத்துக்குள்ளானது. ஓட்டிவந்தவர் பாட்டி. உடன் வந்த 12 வயதுப் பேரன் இறந்துபோனான். கார் தானாகவே வேகமெடுத்தது என்றது குடும்பம். ஆக்சிலரேட்டரை மிதித்தது ஓட்டுநரின் கால்தான் என்றது தயாரிப்பாளர் தரப்பு. பாட்டியைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று காவல்துறை முடிவெடுத்தது. ஆனால், குடும்பம் தொடுத்த இழப்பீட்டு வழக்கை 2025 மே மாதம் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்கு நடந்த காலத்தில், விபத்து நடந்த அதே சாலையில் அதே வகைக் காரை ஓட்டவைத்து அந்தக் குடும்பமே சோதனை நடத்த வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பொறியாளர்களின் வேலையையும் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் எதிர்பார்ப்பது அறமா? அந்தக் காரில் உண்மையில் என்ன நடந்தது என்பதைவிட இந்தக் கேள்விதான் மனத்தை அதிகம் உறுத்துகிறது.

அறமல்ல என்பதில் ஐயமே வேண்டாம். வாங்கியவனுக்குத் தெரிவது தன் ஒரு கார் மட்டுமே. செய்தவனிடம் வரைபடம் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, பல நாடுகளிலிருந்து வந்து குவியும் புகார்கள் இருக்கின்றன. அறிவு யாரிடம் இருக்கிறதோ, பேச வேண்டிய கடமையும் அவரிடமே இருக்கிறது. ஐயம் எழுந்த அன்றே அவர் பேசியாக வேண்டும்.

இதை நம் முன்னோர் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு பசுங்கன்று அடிபட்டு இறந்ததைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துச் சொல்கிறார். கன்று தானே இடையில் புகுந்துவிட்டது என்று அமைச்சன் எடுத்துரைக்கிறான். மந்திரிகள் பரிகாரம் தேடுகிறார்கள். அரசன் எதையும் ஏற்கவில்லை. தாய்ப்பசு செய்தது ஒன்றுதான்: ஆராய்ச்சி மணியை அசைத்தது. தேர் எப்படி ஓடியது, குதிரை ஏன் மிரண்டது என்று அது எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மணி ஒலித்த கணமே விசாரிக்கும் பொறுப்பு முழுதும் அரண்மனைக்கு வந்துவிட்டது. கொரிய நீதிமன்றத்தில் மணியடித்தவர்களின் தலையிலேயே விசாரணையும் ஏற்றப்பட்டது.

பேச வேண்டியவர் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டொயோட்டாவின் வரலாறே சான்று. 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவின் சான்டியாகோ அருகே அந்நிறுவனத்தின் லெக்சஸ் ஈஎஸ் 350 கார் ஒன்று நிறுத்த முடியாத வேகத்தில் ஓடி நொறுங்கியது. நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவரும் அவர் குடும்பத்தார் மூவரும் இறந்தார்கள். அது அவர்கள் கார் அல்ல. பழுதுபார்க்க விட்ட காருக்குப் பதிலாக விற்பனையகம் கொடுத்தது. வேறொரு மாடலுக்கான ரப்பர் மேட் அதில் விரிக்கப்பட்டிருந்தது. அதில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொண்டது. சில நாள் முன்பு அதே காரை ஓட்டிய இன்னொருவர் இந்தச் சிக்கலை விற்பனையகத்தில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

மேட் ஆபத்தானது என்பது நிறுவனத்துக்கு அன்று புதிய செய்தி அல்ல. 2007இலேயே கேம்ரி, ஈஎஸ் 350 கார்களுக்கான 55,000 மேட்களைத் திரும்பப் பெற்றிருந்தது. கார்களைத் தொடாமல் மேட்களோடு நடவடிக்கையை முடித்துக்கொண்டதால் 10 கோடி டாலருக்கு மேல் மிச்சமானது என்று, அதைத் தன் வெற்றிகளில் ஒன்றாக நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று பட்டியலிட்டது. அந்த ஆவணம் 2009 ஜூலை மாதத்தது. நால்வரும் இறந்தது ஆகஸ்டில்.

அடுத்தது இதைவிடக் கொடுமை. மிதித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு மேலே வராத பெடல்களைச் சரிசெய்யும் முறையை 2009 செப்டம்பரில் 31 ஐரோப்பிய நாடுகளின் விநியோகஸ்தர்களுக்கு அனுப்பிய நிறுவனம், அமெரிக்க அரசுக்கு அதைச் சொல்லவில்லை. குறையை அறிந்த ஐந்து வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இனியும் மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் கிளையின் உயரதிகாரி ஒருவர் 2010 ஜனவரி 16 அன்று சக அதிகாரிக்கு மின்னஞ்சலில் மன்றாடினார். ஐந்து நாள் கழித்துத்தான் 23 லட்சம் வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. நெஞ்சறிந்ததை மறைப்பவனை அவன் நெஞ்சே சுடும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தது இத்தகைய நிலையைத்தான். அந்த அதிகாரியின் நெஞ்சு சுட்டது. மற்றவர்களின் நெஞ்சு ஏன் சுடவில்லை?

மறுபக்கம் ஒன்று உண்டு. 1986இல் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆடி 5000 காரைக் கொலைகார வாகனமாகக் காட்டியது. பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்துத் தவறான பெடலை மிதித்ததே காரணம் என்று 1989இல் அரசு ஆய்வு கூறியபோது அதன் விற்பனை சரிந்துபோயிருந்தது. கொரியத் தலைநகர் சியோலில் 2024 ஜூலையில் ஒன்பது பேரைக் கொன்ற விபத்திலும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரையே மிதித்தார் என்று தடயவியல் கண்டது. டொயோட்டாவின் மின்னணு அமைப்பில் காரணம் எதையும் காணவில்லை என்று நாசா பொறியாளர்கள் 2011இல் அறிக்கை தந்தார்கள். பழிக்கு ஆளாகாமல் தப்பும் உரிமை தயாரிப்பாளருக்கும் உண்டு, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மேட்டும் ஒட்டும் பெடலும் பொய்யல்லவே! மின்னணுவுக்கு எதிராகச் சான்றில்லை என்ற முடிவு, அறிந்ததை மறைத்தவர்களுக்கு விடுதலை ஆகிவிடாது. தவறான ஐயத்தால் இழந்த வியாபாரத்தை மீட்கலாம். காங்னுங் சிறுவனை மீட்க முடியாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே பிழை.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பழிக்கு அஞ்சியவர்கள், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர்கள் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வணிகம் என்கிறது குறளின் நடுவு நிலைமை அதிகாரம். பழிக்கு நாணுவோர் தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் கருதுவர் என்கிறது குற்றங்கடிதல். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனோ தன் தீர்ப்பு பிழை என்று அறிந்ததும் மேல்முறையீடு தேடவில்லை, உயிரையே விட்டான். தலைவன் உயிரை விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உண்மையை உரிய நாளில் சொன்னால் போதும். 2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த டொயோட்டாவின் அன்றைய தலைவர் அகியோ டொயோடா, நிறுவனம் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டதாகவும், பாதுகாப்பு முதலில் என்ற வரிசை குழம்பிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நல்ல செயல்தான். ஆனால் சான்டியாகோவில் நால்வர் இறந்து ஆறு மாதமாகியிருந்தது.

தாமதத்துக்காக 2010 ஏப்ரலில் விதிக்கப்பட்ட அபராதம் 1.64 கோடி டாலர். அன்றைய சட்டம் அனுமதித்த உச்ச வரம்பே அவ்வளவுதான். மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்பட்டதோ 10 கோடி. 2014இல் குற்றவியல் வழக்கைத் தள்ளிவைக்க 120 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. தனிமனிதர் ஒருவர்மீதும் வழக்கு இல்லை. 2015இல் அமெரிக்க நாடாளுமன்றம் அபராத வரம்பை 10.5 கோடி டாலராக உயர்த்தியது. உண்மையை மறைத்துவைத்து ஈட்டிய லாபத்துக்கு ஒரு வரம்பு இல்லாதபோது தண்டனைக்கு மட்டும் எதற்கு வரம்பு? அதை நீக்க வேண்டும். கொரியச் சட்டமோ, ஐயம் எழுந்ததும் புகார்ப் பதிவேட்டையும் மென்பொருளையும் விசாரணைக்கு ஒப்படைக்கும் கடமையைத் தயாரிப்பாளர்மீது சுமத்த வேண்டும். ஒப்படைக்காதவன் குற்றம் செய்ததாகவே கொள்ள வேண்டும்.