அவன் செயல், நம் கடமை

சியாச்சினில் ஒரு விடியற்காலை. இரவெல்லாம் பனிப்புயல் அடித்து ஓய்ந்திருந்தது. முருகனை வேண்டிக்கொண்டு ரோந்து கிளம்பினோம். சரிவில் கால் வைத்ததும் 'வுப்' என்று பனி அமுங்கியது. புதுப்பனி பழைய பனியோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். திரும்பிவிட்டோம். "சாமி மேல நம்பிக்கை இல்லையா, அண்ணே?" என்றான் இளையவன் ஒருவன். அவனுக்கு நான் சொன்னது இது.

2016 பிப்ரவரி 3 அன்று இதே சியாச்சினில், சோனம் போஸ்ட்டில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரைப் பனி மூடியது. ஆறாம் நாள் அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். 11ஆம் தேதி இறந்தார். அத்தனை நாள் அவர் பிழைத்திருந்ததற்கு என்னிடம் விளக்கமில்லை. கைகூப்ப மட்டுமே தெரிகிறது.

ஆனால் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில், புயல் ஓய்ந்த கையோடு இறங்குவதை விதி என்று சொல்லமாட்டேன். காத்திருப்பதும், ஒவ்வொருவராகக் கடப்பதும், ஷவலைக் கைக்கெட்டும்படி வைப்பதும் நம் கடமை. புதைந்தவனுக்கு முதல் 15 நிமிடமே பெரிய நம்பிக்கை. அப்போது தோண்டும் கைகளில்தான் அருள் இறங்குகிறது. இன்று பாதியில் திரும்பி வந்ததும்கூட என் வழிபாடுதான், தம்பி.