ஏலத்தில் மிஞ்சிய பணம் யாருடைய ஹக்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



ஒருவர் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்குகிறார். கட்ட முடியவில்லை. வீடு ஏலம் போகிறது. அந்தக் கவலையிலேயே அவர் மவ்த்தாகிவிடுகிறார். "வீடும் போச்சு, வாப்பாவும் போயிட்டாங்க" என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆனால் கடனும் செலவும் போக மிஞ்சிய பணம் வங்கிக்குச் சொந்தமல்ல. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், 13(7)ஆம் பிரிவு, மிச்சத்தை உரியவரிடம் கொடுக்கச் சொல்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இவற்றோடு எழுத்து மூலம் கணக்குக் கேளுங்கள். கேட்பது பேராசையல்ல, அது உங்கள் ஹக்.

சகோதரர்களே! பணம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. எல்லோரும் கையெழுத்துப் போட, தொகை மூத்த மகனின் கணக்குக்கு வருகிறது. அது அவருக்குக் கிடைத்த சொத்தல்ல, அமானிதம். வாரிசுச் சான்றிதழ் பெயர்களைத்தான் சொல்லும். பங்கைச் சொல்வது சூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள். அங்கேயும் கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பிறகே பங்கு.

கடனாளியின் ஜனாஸா ஒன்று வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். அப்படியானால் வாப்பா வைத்துவிட்டுப் போன கைமாற்றையும், உம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட மஹரையும் முதலில் தீர்க்க வேண்டாமா?

ஒரு கணக்கு: மிஞ்சியது 18 லட்சம். மற்றக் கடன் 2 லட்சம். வஸிய்யத் இல்லை, மவ்த்தானவரின் பெற்றோரும் உயிருடன் இல்லை. மீதி 16 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 2 லட்சம். இரண்டு மகன்களுக்குத் தலா 4 லட்சம், மூன்று மகள்களுக்குத் தலா 2 லட்சம்.

"தங்கச்சி ஒண்ணும் கேக்கலையே" என்கிறோம். கூச்சத்தில் அவள் மௌனமாக இருப்பது சம்மதமாகாது. அவள் பங்கை அவள் கையில் கொடுங்கள். பிறகு மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் விருப்பம். வாரிசுகளில் யத்தீம் இருந்தால் இன்னும் அஞ்சுங்கள். அவர்களின் சொத்தை அநியாயமாகத் தின்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று அதே சூராவின் 10ஆம் வசனம் எச்சரிக்கிறது.

யாருடைய ஹக்கும் நம் கழுத்தில் தொங்காத நிலையில் அல்லாஹ் நம்மைக் கபுருக்கு அனுப்புவானாக! ஆமீன்.