வராத கணக்கும் தீராத கடனும்

“எனக்குக் கணக்கு வராது.”

இச்சொற்களைக் கேளாத ஆசிரியர் எவரும் இரார். மாணவர் சொல்கின்றனர், பெற்றோர் சொல்கின்றனர், ஆசிரியருள்ளும் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பாட்டு வரும் என்றும் நீச்சல் வராது என்றும் பேசுவது தமிழர் வழக்கு. இவ்வழக்கினுள் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. வராதது என்று சொல்லிவிட்டால் அது விருந்தாளியைப் போன்றதாகிவிடுகிறது. அழைத்தோம், வரவில்லை, நாம் என்ன செய்வோம்? பழி எவர் மீதும் இல்லை. ஆனால், ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் அதை வரவழைக்க வேண்டியவர் எவர்? அவர் தம் கடமையைச் செய்தாரா? இவை கணித வினாக்கள் அல்ல. அறத்தைச் சார்ந்த வினாக்கள்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயில்பவன். அவன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் புகுந்த முதற்பிள்ளை அவன்தான். நெடுநேரம் பேசாமல் இருந்தவன், “ஐயா, தொடக்கக் கணிதப் பாடத்தில் தோற்றுவிட்டேன். படிப்பை விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன்” என்றான்.

அவன் எழுதிய பயிற்சித் தாள்களை வாங்கிப் பார்த்தேன். நுண்கணிதம். ஓர் எண் சிறிதளவு கூடும்போது அதன் தலைகீழ் எவ்வளவு மாறுகிறது என்பது வினா. மாற்றத்தை அளப்பது எப்படி என்னும் கருத்து அவனுக்கு விளங்கியிருந்தது. அடுத்த அடியில் இரண்டு பின்னங்களைக் கழிக்க வேண்டும். அவ்விடத்தில்தான் சறுக்கியிருந்தான். பல்கலைக்கழகத்துப் பாடம் அவனை வீழ்த்தவில்லை; தொடக்கப்பள்ளிப் பாடம் வீழ்த்தியிருந்தது.

“அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு, தம்பி?” என்று கேட்டேன்.

மேலெண்களைக் கூட்டினான், கீழெண்களைக் கூட்டினான், “ஐந்தில் இரண்டு, ஐயா” என்றான்.

“ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிதா, சிறிதா?”

சற்று எண்ணிப் பார்த்து, “சிறிது” என்றான்.

“அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறைந்துபோனது எப்படி?”

அவன் முகம் மாறியது. “இப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஐயா.”

‘யாரும்’ என்ற அச்சொல்லில் நானும் அடங்கியிருந்தேன். 2016-இல் ஆறாம் ஆண்டில் அவனுக்குக் கணக்குக் கற்பித்தவன் நானே. அவ்வாண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அவன் நல்ல மதிப்பெண் பெற்றான். நானும் மகிழ்ந்தேன். தேர்வு நெருங்கிய திங்கள்களில் நான் கற்பித்தவை வழிகள், காரணங்கள் அல்ல. “கீழெண்ணைச் சமமாக்கு, பிறகு கூட்டு”, “வகுத்தல் வந்தால் தலைகீழாக்கிப் பெருக்கு” என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை; கேட்க நான் இடம் தரவுமில்லை. மனப்பாடம் செய்த வழி ஒரு நாள் மறந்துபோகும். காரணம் அறிந்தவன் மறந்த வழியை மீண்டும் தானே அமைத்துக்கொள்வான். காரணம் அறியாதவன் என்ன செய்வான்? இடைநிலைப்பள்ளியில் எண்களாலான பின்னங்களைக் கால்குலேட்டர் கூட்டித் தந்தது. எண்களின் இடத்தில் எழுத்துகள் வந்து நின்றபோது அதுவும் கைவிட்டது.

இது ஒருவனுடைய கதை மட்டுமன்று. நம் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஓர் ஆய்வு நடந்தது. அங்குக் கணிதம் கற்பித்த யுடாரியா முகமது யூசோப் என்பவரும் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டால் என்பவரும் அதன் முடிவுகளை 1998-இல் வெளியிட்டனர். ஆய்வுக்கு உட்பட்ட மாணவர்கள் பள்ளிக் கணக்கில் தோற்றவர்கள் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். ஆயினும், வினாநிரலுக்கு விடையளித்தோருள் பாதிப்பேர், பல்கலைக்கழகக் கணிதம் தமக்குப் பொருள்படவில்லை என்றனர். பதற்றம், புதிய கணக்கைக் கண்டால் அச்சம், தன்னம்பிக்கையின்மை ஆகியவை பெரும்பாலோரிடம் இருந்தன.

அவர்களுக்கு ஒரு புதுவகைப் பாடம் நடத்தப்பட்டது. விடையைவிடச் சிந்திக்கும் முறைக்கு அதில் முதன்மை தரப்பட்டது. மாணவர்கள் கூடிப் பேசிக் கணக்குகளை ஆராய்ந்தனர்; எங்கே தடைப்பட்டோம், ஏன் தடைப்பட்டோம் என்று திரும்பிப் பார்த்தனர். அவர்களுடைய மனப்பாங்கு ஏறத்தாழ எல்லா வகையிலும் நன்முகமாக மாறியது. பின்னர் ஆறு திங்கள் வழக்கமான விரிவுரைகள் நடந்தன. மாற்றம் பெரும்பாலும் பின்னோக்கித் திரும்பியது!

இம்முடிவு ஆசிரியரின் உறக்கத்தைக் கெடுக்க வேண்டிய முடிவாகும். மாணவர் அவர்களே, கணிதமும் கணிதமே. மாறியது கற்பித்த முறை. அச்சம் பிறவியிலேயே வந்ததாயின், முறை மாறியவுடன் அது விலகியது ஏன்? முறை பழையபடி ஆனதும் மீண்டும் வந்தது ஏன்?

கணக்கில் பின்தங்கிய மாணவன் பல்கலைக்கழக வாயிலில் வந்து நிற்கும்போது ஆசிரியருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அவனைத் தோல்வியுறச் செய்து வெளியேற்றுவது. இதற்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டுகிறோம். இரண்டாவது, எளிய வினாக்களைக் கொடுத்துத் தேர்ச்சி அளித்துவிடுவது. இதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டுகிறோம். இரண்டும் ஒன்றே என்பது என் துணிபு. இரண்டிலும் ஆசிரியர் கற்பிக்கவில்லை. முன்னது மாணவனை இன்றே கைவிடுகிறது. பின்னது நாளை கைவிடுகிறது. பாலம் கட்டுவோனாகவோ மருந்தின் அளவைக் கணிப்போனாகவோ அவன் நிற்கும் நாளில், நாம் காட்டிய பொய்யிரக்கத்தின் விலையை வேறொருவர் கொடுக்க நேரிடும்.

மூன்றாவது வழி கடினமானது. எந்தப் படி உடைந்திருக்கிறது என்று தேடிக் கண்டு, அவ்விடம்வரை இறங்கிச் சென்று, அதைச் செப்பனிட்டு, மாணவனுடன் மீண்டும் ஏறி வருவது.

“இது தரத்தைத் தாழ்த்துவதாகாதா?” என்று சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், படியைச் செப்பனிடுவது வேறு. மாடியைத் தாழ்த்துவது வேறு. பிரிட்டனில் 1969-இல் நிறுவப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971-இல் தன் முதல் மாணவர்களை முன் தகுதி எதுவும் கேளாமல் ஏற்றது. அவர்கள் முதலில் அடிப்படைப் பாடங்களைக் கற்றனர். பின்னரே மேல்நிலைப் பாடங்களுக்குச் சென்றனர். நுழைவாயில் அகலமாகத் திறக்கப்பட்டது. பட்டத்தின் தரம் குறைக்கப்படவில்லை.

முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கையும் சிறுவர்கள் அறிந்திருந்த திண்ணைப்பள்ளி மரபு நம்முடையது. அவர்களும் எண்சுவடியை மனப்பாடம்தான் செய்தார்கள். ஆனால், அப்பின்னங்கள் நெல்லளவிலும் நில அளவிலும் நாள்தோறும் அவர்கள் கண்முன் நின்றன. காணி என்பது அவர்களுக்கு வெறுஞ்சொல் அன்று. நாம் மனப்பாடத்தை வைத்துக்கொண்டு நெல்லையும் நிலத்தையும் விட்டுவிட்டோம்.

இந்நாட்டில் நம் பாட்டன் பாட்டிமார் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டினர். பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கண்டு கூலி கணக்கிடப்பட்டது. கணக்கைக் கிராணி எழுதினார். கைந்நாட்டைத் தொழிலாளி வைத்தார். எழுதியது சரியா, தவறா என்று அறிய அவரிடம் வழியில்லை. கணக்கு அறியாதவன் பிறர் போடும் கணக்கை நம்பி வாழ வேண்டியவன். அந்நிலையிலிருந்து மீளவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். “உனக்குக் கணக்கு வராது” என்று அவர்களுடைய பேரப்பிள்ளையிடம் சொல்லும்போது, அவனை எந்த இடத்திற்குத் திருப்பி அனுப்புகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவனுக்குக் கடன் இல்லையா? உண்டு. அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவே அவன் முதற்கடன். என் மாணவனிடம் நான்காம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தபோது அவன் கூசினான். பலகாரங்களைப் பங்கிடும் வண்ணப் படங்கள் நிறைந்த புத்தகம் அது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அமர்ந்தான். ஞாயிறுதோறும் வந்தான். மூன்று மீட்டர் துணியில் அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை என்று வெட்டிப் பார்த்தபோதுதான், தலைகீழாக்கிப் பெருக்குவதன் காரணத்தைக் கண்டான். பின்னம் என்று தமிழிலும், பெச்சாஹான் என்று மலாயிலும், பிராக்ஷன் என்று ஆங்கிலத்திலும் மூன்று பெயர்களால் அவன் கற்றிருந்த ஒரு பொருள், அன்றுதான் அவனுக்கு ஒன்றாயிற்று. அடுத்த பருவத்தில் அப்பாடத்தை மீண்டும் எழுதித் தேறினான். சிறப்புத் தேர்ச்சி அன்று. ஆனால், அவனுடைய தேர்ச்சி.

இப்போது எங்கள் பள்ளியில், பின்னக் கணக்கைச் செய்யத் தொடங்குமுன், “விடை பெரிதாக வருமா, சிறிதாக வருமா?” என்று பிள்ளைகளைக் கேட்குமாறு ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். இதனால் பாடம் மெல்லவே நகர்கிறது. நகரட்டும்.

2016-ஆம் ஆண்டின் அவ்வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் இருந்தனர். திரும்பி வந்து தன் குறையைக் காட்டியவன் ஒருவன். மற்ற இருபத்தேழு பேர் எங்கெங்கோ இருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர், “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லிக்கொண்டிருக்கின்றனரோ! அக்கடன் இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது.