விதி என்னும் சொல்

விதி என்னும் சொல்லை நாம் இரு பொருளில் ஆளுகின்றோம். கல் கீழ்நோக்கி உருள்வது விதி. அது ஏழையின் கூரைமீது வீழ்வதும் விதி. முன்னது பௌதிகம், பின்னது தலையெழுத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் சிறிதன்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டம் பெரும் உயிரிழப்பைக் கண்டது. பாடசாலை மீண்டும் திறந்தபின், என் மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், “மலை சரிந்தது. அது அவர்களுடைய விதி” என்று எழுதியிருந்தான். அவனும் தோட்டத்து லயன் காம்பராவிலிருந்து வருபவன். வாக்கியத்தில் பிழையில்லை, ஆயினும் அதனைச் சரியென்று குறிக்க என் கை எழவில்லை.

மலை ஏன் சரிந்தது? கண்டியைச் சூழ்ந்த பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துச் செல்லப்பட, அவை வெளிவந்தன. வெயிலும் நீரும் அவற்றை உக்கச் செய்து செம்மண்ணாக்கின. துணிக்கைகளுக்கிடையேயுள்ள உராய்வும் பிடிப்புமே அம்மண்ணைச் சரிவில் நிறுத்துகின்றன, மரவேர்களும் துணைசெய்கின்றன. பெருமழையின்போது நீர் மண்ணின் துளைகளை நிரப்பி உள்ளிருந்து அழுத்துகிறது. பிடி தளர்ந்ததும் மண் நழுவுகிறது.

அம்மழை கடல் தந்தது. புவியில் மிகுதியாகத் தேங்கும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்களே ஏற்கின்றன. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. இவ்விதிகளுக்குக் கருணையுமில்லை, வஞ்சமுமில்லை.

ஆனால் அச்சரிவின் கீழே மனிதர் வாழ்ந்தது எவ்விதியால்? கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், துரைமார் காட்டிய இடத்தில் எழுந்த லயன்களிற் குடியேறினர். அவர்தம் வழிவந்தோரிற் பலருக்கு இன்றும் காணியுறுதி இல்லை. பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் அபாயம் உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. இருந்தும் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்தபோது லயன்களில் மக்கள் இருந்தனர். “வெளியேறுங்கள்” என்பது எளிது. எங்கே செல்வதென்பதற்கும் விடை வேண்டுமே!

மலை இனமும் வகுப்பும் பார்ப்பதில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மை. 2016 மே மாதம் அரநாயக்கவில் புதையுண்டவை சிங்களக் கிராமங்கள். அதனால் கடமை குறைந்துவிடாது. இரு மக்களுக்கும் பொதுவாகிறது. சரிவுகளின் அபாயத்தைக் காட்டும் வரைபடங்கள் இன்று உள்ளன. மழையை அளந்து எச்சரிக்கை விடுக்கவும் முடிகிறது. அறியாத காலத்தில் ‘விதி’ என்றவரை மன்னிக்கலாம். அறிந்தபின் அவ்வாறு கூறுவது பொய்ச்சாட்சி.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இழவு வீட்டில் அச்சொல் ஆறுதல். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமிருந்து அதனைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. அதே சொல் அதிகாரத்தின் வாயில் ‘இயற்கை அனர்த்தம்’ என்று வேடமிட்டு வரும்போது மறுத்தே ஆகவேண்டும். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ?

மாணவனின் வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. அதன்கீழ் ஒரு வினாவை மட்டும் எழுதினேன்: “மலை சரிந்தது இயற்கையின் விதி. அவர்களை அங்கே இருக்க வைத்தது யார்?” விடையை அவன் மட்டும் எழுதினாற் போதாது, நாமும் எழுதவேண்டும்.